பழைய ஹீட்டரைக் கழற்றிய பிறகு

சென்னை அருகேயுள்ள பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழில் வளாகத்துக்குள் இருக்கும் தொழிற்சாலைகளில் நீராவி பாய்லர் வைத்திருப்பவர்கள், பொதுவாக ஆண்டுக்கொரு முறை அதைத் தகுதியுள்ள ஆய்வாளரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும். 1923-ஆம் ஆண்டின் பாய்லர் சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் புதிய சட்டம் வந்தது. ஆய்வும் சான்றும் அப்படியே தொடர்கின்றன. அதே வளாகத்துக்கு வெளியே, குடியிருப்புத் தெருக்களில், குளியலறைச் சுவரில் தலைக்கு மேல் தொங்கும் வாட்டர் ஹீட்டரை யாரும் ஆய்வு செய்வதில்லை. இரண்டாயிரம் வாட் மின்சாரமும் பதினைந்து லிட்டர் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதற்குக் கீழேதான் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறோம். ஆகவே பழைய ஹீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டும் நாள்தான் அந்த வீட்டில் நடக்கும் ஒரே முழு ஆய்வு. அந்த நாளில் எதற்குப் பணம் செலவழிப்பது, எதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்று தீர்மானிப்பதே இங்கே வேலை.

முதலில் ஒரு கேள்வி: மாற்றத்தான் வேண்டுமா? தண்ணீர் சூடாகவில்லை என்றால் பெரும்பாலும் காயில் போயிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் போயிருக்கும். இரண்டையும் மாற்றலாம், புது ஹீட்டரின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஸ்விட்சைப் போட்டதும் ட்ரிப் ஆகிறது என்றால் காயிலின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது என்று கொள்ளலாம். அதுவும் காயில் மாற்றினால் சரியாகும். சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது மட்டும் சொட்டுவது கோளாறே இல்லை. சூடாகும் தண்ணீர் விரிகிறது, வால்வு தன் வேலையைச் செய்கிறது. அந்தச் சொட்டு எரிச்சலாக இருக்கிறதென்று வால்வை அடைத்துவிடுபவர்கள் உண்டு. அதைவிட ஆபத்தான காரியம் இந்த விஷயத்தில் வேறில்லை. ஆனால் பெட்டியின் அடிப்பகுதியில், உறைக்கு உள்ளிருந்து துரு நிறத்தில் தண்ணீர் வடிந்தால் உள்தொட்டி ஓட்டையாகிவிட்டது. அதற்கு வெல்டிங் வைத்தாலும் நிற்காது. அப்போதுதான் மாற்ற வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானதும் விற்பனைக்காரர் முதலில் காட்டுவது நட்சத்திரங்களை. ஐந்து நட்சத்திரம், மின்சாரச் சேமிப்பு, அதற்கு மேல் சோலார், அதற்கும் மேல் ஹீட் பம்ப். இந்த அறிவுரையின் வேர் குளிர்நாடுகளில் இருக்கிறது. பிரிட்டனில் பாய்லர் என்பது வீடு முழுவதையும் சூடேற்றுவது. அங்குள்ள எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், 2023-இல் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் எரிவாயுத் தேவையை ஆண்டுக்கு 11,500 யூனிட் (கிலோவாட்-மணி) என்று கணக்கில் கொண்டது. அங்கே பாய்லரின் திறன் பத்து சதவீதம் கூடினால் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். அந்த ஊரில் திறன்தான் முதல் கேள்வி என்பது நியாயம். நம் ஊரில் அந்தக் கேள்வியை அதே இடத்தில் வைக்கலாமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.186 கிலோஜூல் வேண்டும். பிள்ளைப்பாக்கத்தில் மார்கழி விடியலில் மாடித் தொட்டித் தண்ணீர் சுமார் 25 டிகிரியில் இருக்கும். போர் தண்ணீர் அதைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே மேலே வரும். குளிக்க இதமான சூடு 40 டிகிரி. ஆக, இருபது லிட்டர் வாளி ஒன்றுக்கு 15 டிகிரி ஏற்றினால் போதும்: 0.35 யூனிட். நான்கு பேருக்கு 1.4 யூனிட். கார்த்திகை தொடங்கி மாசி முடிய நான்கு மாதம், 120 நாள் என்றால் 168 யூனிட். குழாயில் ஆறுவது, தொட்டியில் மிஞ்சிக் கிடப்பது எல்லாம் சேர்த்துத் தாராளமாக 200 யூனிட் என்று வைப்போம். ஆண்டு முழுவதற்கும் இவ்வளவுதான்.

இந்த 200 யூனிட்டின் விலை என்ன? தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலை உயர்வின்படி இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை யூனிட்டுக்கு அதிகபட்சம் 4.80 ரூபாய், 401 முதல் 500 வரை 6.45, 501 முதல் 600 வரை 8.55, அதற்கு மேல் 9.65-இல் தொடங்கி இன்னும் ஏறுகிறது. நம் வீடுகளில் படியை ஏற்றுவது ஏ.சி. சித்திரை, வைகாசியில்தான் பில் 500 யூனிட்டைத் தாண்டுகிறது. ஹீட்டர் ஓடும் மார்கழி, தையில் ஏ.சி. ஓடுவதில்லை. எனவே ஹீட்டரின் யூனிட்டுகள் பெரும்பாலான வீடுகளில் மலிவான படியில் விழுகின்றன. 200 யூனிட், 4.80 ரூபாய்: ஆண்டுக்கு 960 ரூபாய்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் கடையில் சொல்லப்படும் பல வாதங்கள் நிற்பதில்லை.

சோலார் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். நூறு லிட்டர் சோலார், கண்ணாடிக் குழாய் வகையானால் இருபதாயிரம் ரூபாயைச் சுற்றி வரும்; தட்டு வகை அதற்கும் மேல். 2022-இல் 12 சதவீதமாக்கப்பட்ட ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் மறுபடி 5 சதவீதத்துக்கு இறங்கியது. அதனால் கொஞ்சம் விலை குறைந்திருக்கிறது. ஆனாலும் அது மிச்சப்படுத்தக்கூடிய தொகையின் உச்சவரம்பு ஆண்டுக்கு 960 ரூபாய். அந்த உச்சத்தையும் அது தொடாது. நமக்கு வெந்நீர் வேண்டிய கார்த்திகை, மார்கழியில்தான் வடகிழக்குப் பருவமழையின் மேகம் வானத்தை மூடுகிறது. சோலார் முழு வீச்சில் கொதிக்கவைக்கும் வைகாசியில் சாதாரணக் குழாயிலேயே நடுப்பகலில் கை வைக்க முடிவதில்லை. பெங்களூரில் கதை வேறு. அங்கே ஆண்டின் பெரும்பகுதி காலை வெந்நீர் வேண்டும். புது வீடுகளுக்குச் சோலார் ஹீட்டரைக் கட்டாயமாக்கியது அந்த ஊருக்குப் பொருந்தும். பிள்ளைப்பாக்கத்துக்கு அதை அப்படியே இறக்க முடியாது.

சூரிய ஒளியே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மொட்டை மாடியின் இடத்தை எதற்குக் கொடுப்பது என்பதே கேள்வி. நூறு லிட்டர் சோலார் ஹீட்டரின் தட்டு ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர். அதே இரண்டு சதுர மீட்டரில் ஒரு சோலார் மின்தகடு வைத்தால் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் அளவுக்கு, ஆண்டில் 500 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். சித்திரையில் அது விலை உயர்ந்த படியில் இருக்கும் ஏ.சி. யூனிட்டைக் குறைக்கும், தையில் ஹீட்டருக்கும் உதவும். மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டம் 2024 முதல் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் இரண்டு கிலோவாட் வரையிலும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. சொந்த மாடி இருப்பவர்கள் அந்த இருபதாயிரத்தை அங்கே போடுவது நல்லது. ஏற்கெனவே சோலார் ஹீட்டர் வேலை செய்துகொண்டிருந்தால் கழற்ற வேண்டாம். அது போன பிறகு அதையே மறுபடி வாங்க வேண்டாம்.

ஹீட் பம்ப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும் அருமையான கருவி. 960 ரூபாயில் 640 ரூபாயை மிச்சப்படுத்த அரை லட்சத்துக்கு மேல் செலவழிப்பது ஒரு குடும்பத்துக்கு எக்காலத்திலும் கட்டுப்படியாகாது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 படுக்கைகளோடு திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி போன்ற இடங்களில், ஷிப்டுக்கு ஷிப்டு ஆயிரக்கணக்கானோர் குளிக்குமிடத்தில், இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். அங்கே அது சரியான தேர்வு. வீட்டுக்கு வேண்டாம்.

காஸ் மலிவு என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 ரூபாய், கிலோ 61 ரூபாய். ஒரு கிலோ காஸில் 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. காஸ் கீசரில் எண்பது சதவீதம் தண்ணீரில் ஏறினால் யூனிட்டுக்கு ஆறு ரூபாய். அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சினால் ஏழு ரூபாயைத் தாண்டும். குளிர்கால மின்சாரமோ 4.80. விலையிலேயே காஸ் தோற்கிறது. அதற்கு மேல், ஜன்னல் சாத்திய சிறிய குளியலறையில் காஸ் கீசர் உயிரைப் பறிக்கும். அரைகுறையாக எரியும் காஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழும்வரை எதுவும் தெரியாது. இந்தியாவில் இப்படி இறந்தவர்கள் பலர். குளியலறைக்கு வெளியே, திறந்த வெளியில் பொருத்தினால் ஒழிய இதை ஒரு தேர்வாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

எஞ்சுவது மின்சார ஹீட்டர்கள் இரண்டு: மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட், அல்லது பத்திலிருந்து இருபத்தைந்து லிட்டர் ஸ்டோரேஜ். இதில் உண்மையான போட்டி இருக்கிறது.

இன்ஸ்டன்டுக்குச் சாதகமான வாதம் ஷிப்டிலிருந்து வருகிறது. இந்தப் பகுதியில் ஒரே வீட்டில் ஒருவர் காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறார், இன்னொருவர் இரவு ஷிப்டு முடித்து ஏழு மணிக்கு வருகிறார். ஸ்டோரேஜ் ஹீட்டர் இருந்தால் யாரும் அணைப்பதில்லை. இருபத்தைந்து லிட்டர் தொட்டி நாள் முழுக்க ஓடினால், யாரும் குளிக்காமலேயே ஒரு யூனிட் அளவுக்கு வெப்பம் வெளியே கசியும். நல்ல நட்சத்திர ஹீட்டரில் அது பாதியாகும். நாளுக்கு அரை யூனிட் என்றாலும் ஆண்டுக்கு 180 யூனிட், அதாவது குளியலுக்கு ஆகும் மின்சாரம் அளவுக்கு வீண். இன்ஸ்டன்டில் இந்தக் கசிவு இல்லை. விலையும் மூவாயிரத்தைச் சுற்றித்தான்.

அதன் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மூன்று கிலோவாட் இன்ஸ்டன்ட், 15 டிகிரி ஏற்றி, நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தரும். ஒரு வாளி நிறைய ஏழு நிமிடம். வாளிக் குளியலுக்கு இது போதும், ஷவருக்குப் போதாது. இன்னொன்று வோல்டேஜ். காலை ஆறு மணிக்கு வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் ஹீட்டர் ஓடும்போது 230 வோல்ட் 200 ஆக இறங்கினால், மூன்று கிலோவாட் 2.3 கிலோவாட்டுக்குக் கீழே போய்விடும். அப்போது வாளியில் விழுவது வெதுவெதுப்பான நீர். ஸ்டோரேஜ் ஹீட்டரும் அதே அளவு பாதிக்கப்படும், ஆனால் அது சில நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு சூட்டைச் சேர்த்துவைக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது தண்ணீர். இந்தத் தேர்வின் மையமே இங்கேதான் இருக்கிறது, பில்லில் இல்லை. ஏரிகள் சூழ்ந்த ஊர்தான். பிள்ளைப்பாக்கம் ஏரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஆனால் புதிதாக எழும்பிய வீடுகள் குளிக்கப் பயன்படுத்துவது பெரும்பாலும் போர் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாக உப்பு பூத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே உப்பு ஹீட்டருக்குள் காயிலின் மேல் ஓடு போலப் படிகிறது. ஓட்டுக்கு உள்ளே காயில் அதிகமாகச் சூடாகி உறை வெடிக்கிறது. தொட்டியின் சுவரைக் குளோரைடு அரிக்கிறது. ஹீட்டர் எட்டு ஆண்டு உழைப்பதா, மூன்று ஆண்டில் போவதா என்பதை இதுவே தீர்மானிக்கிறது. எட்டாயிரம் ரூபாய் ஹீட்டர் எட்டு ஆண்டு வந்தால் ஆண்டுக்கு ஆயிரம். மூன்று ஆண்டில் போனால் ஆண்டுக்கு 2,700. எந்த நட்சத்திரமும் ஈடுகட்ட முடியாத வித்தியாசம் இது.

ஆகவே வாங்குமுன் தண்ணீரைச் சோதியுங்கள். பியூரிபையர் விற்பவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. ஆய்வகத்தில் கொடுத்துக் கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லாதபோது 600 வரை விடுகிறது. 200-க்குள் இருந்தால் எந்த நல்ல ஹீட்டரும் உழைக்கும். 600-ஐ நெருங்கினால் உள்ளமைப்பைப் பார்த்தே வாங்க வேண்டும்.

உள்ளமைப்பில் என் முடிவு தெளிவானது: கண்ணாடிப் பூச்சுத் தொட்டி, அதோடு மெக்னீசியம் ராடு. உப்பு அதிகமான தண்ணீரில் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி வெல்டிங் ஓரங்களில் பொத்துப்போகும். கண்ணாடிப் பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும், மெக்னீசியம் ராடு தான் கரைந்து இரும்பைக் காக்கும். அது கரைந்து தீர்ந்த பிறகு இரும்பு கரையத் தொடங்கும். சில நூறு ரூபாய் பெறும் இந்த ராடை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் தொட்டியின் ஆயுள் நீளும். ஆனால் இதை மாற்றும் வீட்டை நான் பார்த்தது அபூர்வம். இப்படியொன்று உள்ளே இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. வாரண்டி அட்டையில் கடினத் தண்ணீர் பற்றியும் ராடு மாற்றுவது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று கடையிலேயே படித்துவிடுங்கள். இன்ஸ்டன்ட் ஹீட்டர் பெரும்பாலானவற்றில் இந்தப் பாதுகாப்பு இல்லை; கடினத் தண்ணீர் வீட்டில் அதற்கு எதிரான வலுவான வாதம் இதுதான். சூட்டையும் குறைத்து வையுங்கள். 70 டிகிரியில் படியும் அளவுக்கு 50 டிகிரியில் உப்பு படிவதில்லை.

அளவு விஷயத்திலும் கடையின் பேச்சைக் கேட்க வேண்டாம். நான்கு பேருக்கு இருபத்தைந்து லிட்டர் என்பார்கள். பதினைந்து லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்றினால் பச்சைத் தண்ணீர் கலந்து ஒன்றரை வாளிக்கு மேல் வரும். அடுத்த பதினைந்து லிட்டர் சூடாக இரண்டு கிலோவாட்டில் இருபது நிமிடத்துக்குள் ஆகும். சூட்டைக் குறைத்து வைத்தாலும் ஒரு வாளிக்கு மேல் வரும். ஒருவர் குளித்துத் துவட்டி அடுத்தவர் உள்ளே போகும் நேரம் போதும். எட்டு பார் அழுத்தம் தாங்கும் என்ற பெருமையும் இரண்டு மாடி வீட்டுக்குத் தேவையில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருவது ஒரு பார் அழுத்தம்தான். பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் அடுக்கு மாடிக்கும் மட்டுமே அது வேண்டும். ஐ.எஸ். 2082 முத்திரை மட்டும் இருந்தாக வேண்டும். வெந்நீர்க் குழாய்க்குச் சாதாரண பி.வி.சி. கூடாது, சி.பி.வி.சி. வேண்டும்.

இனி பட்ஜெட். பதினைந்து லிட்டர் நல்ல ஹீட்டருக்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம். குழாய், வால்வு, பிளம்பர் கூலிக்கு ஆயிரத்தைந்நூறு. இன்னும் நாலாயிரம் முதல் ஐயாயிரம் வரை சுவருக்குப் பின்னால் போடச் சொல்கிறேன்: தனி வயர், தனி எம்.சி.பி., 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., உண்மையாகவே வேலை செய்யும் எர்த். மொத்தம் பதினைந்தாயிரத்தை ஒட்டி முடியும். பலரும் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் வெட்டுகிறார்கள், கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால். காயில் உறை என்றாவது வெடிக்கத்தான் போகிறது. அன்று ட்ரிப் ஆகி நிற்பதா, குளிப்பவர் உடம்பு வழியாகப் பாய்வதா என்பதை இந்த ஐயாயிரம்தான் முடிவு செய்யும். பணம் பத்தாதென்றால் ஹீட்டரில் இரண்டு நட்சத்திரம் குறையுங்கள், ஆர்.சி.சி.பி.யைக் குறைக்காதீர்கள்.

சொந்த வீட்டுக்காரருக்கு என் தீர்ப்பு இது: கண்ணாடிப் பூச்சுள்ள பதினைந்து லிட்டர் ஸ்டோரேஜ், தேவைப்படும்போது மட்டும் ஸ்விட்ச், இரண்டு ஆண்டுக்கொரு ராடு. தண்ணீர் மென்மையாக இருந்து, ஷிப்டு மாறி மாறி வந்து, வாளியில் மட்டும் குளிக்கும் வீடானால் மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் வாங்கலாம்.

வாடகை வீடுகளில் வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர். தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், அசாமிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் ஹீட்டரே கிடையாது. ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஹீட்டர் ராடை வாளியில் தொங்கவிட்டு, எர்த் இல்லாத பிளக்கில் சொருகி, சூடாகிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகாத ஒரு வசதிக்காக யாரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. அறைக்கொரு ஹீட்டர் மாட்டத் தேவையில்லை. பொதுக் குளியலறையில் ஒரே ஒரு பதினைந்து லிட்டர், அதற்கு ஓர் ஆர்.சி.சி.பி., ஒரு நல்ல எர்த், பயன்படுத்தும் யூனிட்டுக்கு உண்மையான கட்டணம். வீட்டு உரிமையாளர்களே, வரும் கார்த்திகைக்கு முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹீட்டரை அதன் பிறகு வாங்கலாம்.